அறுபத்தொன்பது பொயின்ட்

2025 ஜூன் 7, சனிக்கிழமை. காலை 6.10. மொத்தம் 69.

மேல் மாடி,
கட்டுக்கலை, கண்டி.

தர்ஷனாவுக்கு,

கடிதம் எழுதினால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அது தேவையில்லை. நீ கீழே, நான் மேலே, நடுவில் ஐந்தங்குலக் கொங்கிரீட். நீ இருமினால் எனக்குக் கேட்கிறது. நேற்று பதினொரு தடவை இருமினாய். மருந்து எடு.

உன் அப்பாவின் சட்டத்தரணி "இனி எதுவானாலும் எழுத்தில்" என்று அறிவித்தல் அனுப்பியிருக்கிறார். என் நம்பரை நீ பூட்டிவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குள் வைக்கிறேன். பதிலையும் அங்கேயே வை. ஒரே வீட்டுக்குள் தபால் போடுகிறார்கள் என்று தபாற்காரன் சிரிக்க வேண்டாம்.

69 என்பது இந்த மேல் மாடியில் நான் போட்ட மின்சாரப் பொயின்ட்டுகள். இன்று விடிந்ததும் எண்ணினேன். சுவிட்ச் 34, பிளக் 19, விளக்கு 11, மின்விசிறி 4, பிரேக்கர் பெட்டி 1. ஒன்றைக்கூட வேறு யாரும் தொடவில்லை. பகல் முழுக்க ஹோட்டல்களில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து, பின்னேரங்களில் போட்டவை.

எதற்கு எண்ணினேன் என்றால், என் சட்டத்தரணி திகன நஸீப் நேற்று எனக்குச் சட்டம் சொல்லித் தந்தார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "தம்பி, காணி ஒங்கட பொஞ்சாதிட பேர்ல ஈக்கிது. மாமா நன்கொடை உறுதி எழுதிக் குடுத்தீக்கிறார். அதுக்கு மேல நீங்க மாளிகாவ மாதிரி ஒண்டு கட்டினாலும் அது காணியோடதான் போகும். செவரு ஒங்களுக்கில்ல. நட்டஈடு கேக்கலாம், வழக்கு முடியக்குள்ள ஒங்கட தல நரைச்சிரும். ஆணியக் கழட்டி எடுக்கேலுமான சாமான் மட்டும்தான் ஒங்கட."

சுவர் எனக்கு இல்லையாம். ஒழுங்கையில் லொறி வராது என்று, ரோட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி, மணலும் கல்லும் தோளில் ஏற்றியது யார்? என் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா, எல்லாரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், துரைக்குச் சொந்தமான வரிசை அறையில் பிறந்து லயத்தில் செத்தார்கள். ஒரு சுவரைத் தொட்டு "இது என்னுடையது" என்று சொன்னவன் எங்கள் ஆட்களில் நான்தான் முதல். எனக்கும் கழட்டி எடுக்கக்கூடிய சாமான் மட்டும்தான் மிச்சம்.

இப்போது அவசரம் என்னவென்றால், ஹந்தானையில் அம்மா இருக்கும் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது. என் கை மணிக்கட்டு வரை வெடிப்புக்குள் போகிறது. போன கிழமை அதிகாரிகள் வந்து மண்சரிவு அபாயம் என்று கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். கடும் மழை என்றால் எழும்பிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்கே போவது என்று எழுதவில்லை.

மேல் மாடியின் கிழக்கு அறையை அம்மாவுக்கென்றே கட்டினேன். உனக்குத் தெரியும். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த அறையில் இருக்கலாம் என்று உன் கையெழுத்தோடு ஒரு தாள் வேண்டும். உரிமை கேட்கவில்லை. ஒரு அறை, ஒரு கட்டில்.

தாள் வராவிட்டால் ஜூன் 28 சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குவேன். 69ஐயும் கழட்டுவேன். வயரையும் குழாய்க்குள்ளிருந்து இழுத்து எடுப்பேன். சுவர் உனக்கு. இருட்டும் உனக்கு.

யுகேஷ்


கீழ் மாடி,
2025 ஜூன் 8, ஞாயிறு மாலை.

யுகேஷுக்கு,

இருமலுக்கு மருந்து எடுத்துவிட்டேன். நீங்கள் அதை அக்கறையில் எழுதவில்லை, எண்ணிக்கைக்கு எழுதினீர்கள் என்று தெரிந்தும் எடுத்தேன்.

உங்கள் கடிதத்தைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தேடி எடுத்தேன். மீட்டர் பெட்டிக்கு மேல் ஒரு தேள் இருந்தது. மேலே அறுபத்தொன்பது பொயின்ட் போட்ட மனிதர் மாடிப்படியின் அடியில் ஒரு பல்பு போடவில்லை. பட்டப்பகலிலும் அங்கே கிணற்றுக்குள் இறங்குவது போல இருக்கிறது. அடுத்த கடிதத்தைத் தேளிடமே கொடுத்தனுப்புங்கள்.

மணல் சுமந்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள்தான். ரோட்டில் நின்று வாளிகளை நிரப்பித் தந்தது யார் என்றும் கேட்டிருக்கலாம். பாடசாலை விட்டு வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "டீச்சர் கொத்தனார் வேலைக்குப் போறாங்க" என்று ஒரு வாரம் சிரித்தார்கள். அது உங்கள் கணக்கில் எந்தப் பக்கத்தில் வரும்?

தாள் விஷயம். அத்தைக்கு அறை கொடுப்பதில் எனக்கு மனக்கஷ்டம் இல்லை. கடிதத்தின் பாதியில் பேனையையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு "இருட்டும் உனக்கு" என்பதை வாசித்தேன். பேனையை மூடிவிட்டேன். கேட்கத் தெரியாவிட்டால் மிரட்டக்கூடாது.

அப்பாவின் சட்டத்தரணியிடமும் கேட்டேன். உங்கள் அம்மா வந்து இருந்தால் மேல் மாடி உங்கள் பிடிக்குள் போய்விடும், ஜூலை 14 விவாகரத்து வழக்குக் கூப்பிடும்வரை ஒரு தாளிலும் கையெழுத்து வைக்காதே, வீட்டை விட்டும் நகராதே, முதலில் போகிறவர்தான் கைவிட்டுப் போனவர் என்றார். உங்கள் நஸீபும் அதையேதான் சொல்லியிருப்பார். அதனால்தானே இவ்வளவு கோபத்திலும் நீங்கள் மேலே இருக்கிறீர்கள், நான் கீழே இருக்கிறேன்.

இன்னொன்று. நீதிமன்றத்தில் திடீரென்று கேட்டு நீங்கள் கத்தக்கூடாது என்பதால் இப்போதே சொல்கிறேன். நம் கல்யாணத்துக்கு முன் நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அப்பா ஆறு வருடமாக வைத்திருந்தார். அதன் கொப்பி இப்போது சட்டத்தரணியிடம். ஞாபகம் இல்லையென்றால் எழுதுகிறேன்:

"2019 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 4.25. பக்கம் 1. மதிப்புக்குரிய சுந்தரலிங்கம் ஐயா அவர்களுக்கு. 1. எனக்குக் காணி வேண்டாம். 2. வீடு வேண்டாம். 3. நகை, தளபாடம், வாகனம் வேண்டாம். 4. உங்கள் காணியிலோ, அதன் மேல் எழும் எந்தக் கட்டடத்திலோ, யார் கட்டினாலும், இன்றும் இனி என்றும் பங்கு கேட்க மாட்டேன். 5. உங்கள் மகள் மட்டும் போதும்."

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசுகூட இவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார் என்று சட்டத்தரணி சந்தோஷப்பட்டார். நான்காவதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

ஐந்தாவதன் கீழே யாரும் கோடு போடவில்லை.

தர்ஷனா


2025 ஜூன் 11, புதன்கிழமை. காலை 5.45. உன் கடிதத்தை வாசித்தது 4 தடவை.

தர்ஷனாவுக்கு,

உன் அப்பா ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர். ஒரு ஆணியையும் எறியமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் மருமகன் எழுதியதையும் துருப்பிடிக்காமல் ஆறு வருடம் எடுத்துவைப்பார் என்று நினைக்கவில்லை.

அந்தக் கடிதத்தைப் பற்றி நஸீபிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதெ எழுதினது நீங்கதானா தம்பி?"

"நான்தான்."

"யாரும் கழுத்துல கத்தி வெச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"சீதனம் வாங்க மாட்டேன்னு காட்ட."

"வாயால சொல்லீக்கலாமே! ஆயிரம் பேர் வாயால சொல்லீக்கிறாங்க. நீங்க மட்டும் நம்பர் போட்டு எழுதீக்கிறீங்க."

ஏன் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். நான் முதன்முதலாக உன் வீட்டுக்கு வந்த அன்று, நான் கதிரையில் உட்காருவதற்கு முன்னமே உன் சித்தப்பா அடுத்த அறையில் சொன்னார்: "லயத்துப் பொடியன். காணியப் பாத்துட்டுத்தான் வந்திருப்பான்." மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. எனக்குக் கேட்டது. திரும்பிப் போய் அன்றைக்கே எழுதினேன். மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் அப்பா வாசித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். பிளேன்டீ ஒன்று வாங்கித் தந்தார். நான் அதை மரியாதை என்று நினைத்தேன். மேல் மாடி கட்டும்போது சீமெந்து அனுப்பினாரே, அப்போதாவது "தம்பி, இப்படி ஒரு கடிதம் இருக்கு, கிழிச்சுப் போடட்டா" என்று கேட்டாரா?

சரி, அவரை விடு. நான் கோபப்படக் காரணமே இல்லாதது போல நீ எழுதுகிறாய். "கேட்கத் தெரியாவிட்டால்" என்கிறாய். நான் உன்னிடம் எதைக் கேட்க? கேட்காமலே தர வேண்டியதை நீ அன்றைக்குத் தரவில்லை.

2024 ஏப்ரல் 28. மேல் மாடிக்குப் பால் காய்ச்சிய நாள். நல்ல நேரம் காலை 4.45. அம்மா முதல் நாளே லயத்தை விட்டு இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தன் கைக்காசில் வாங்கிய பித்தளைச் சொம்போடு இருட்டில் வந்தார். உன் அம்மா அன்னலட்சுமி மாடிப்படியின் அடியிலேயே மறித்தார். "சம்பந்தி, நீங்க செத்த கீழ இருங்க. ஐயர் போன பொறகு கூப்பிடுறேன்." மகன் கட்டிய வீடு. ஐயர் முன்னால் லயத்து மனுஷி வரக்கூடாது. பால் பொங்கி, பொங்கல் வைத்து, ஐயர் சாப்பிட்டு, தட்சிணை வாங்கிப் போய், எல்லாரும் சாப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலம். யாரும் கூப்பிடவில்லை. அம்மா சொம்பைப் படியில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

உன் அம்மா சொன்னபோது நீ படியின் மேலே நின்றாய். உனக்குக் கேட்டது. நீ பேசவில்லை. பிள்ளைகளுக்கு ஒலி எப்படிப் பயணிக்கிறது என்று பாடம் எடுக்கிற நீ.

உன் மனுவில் கொடுமை என்றும் கைவிடல் என்றும் என்னவோ எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் கடதாசி. வழக்கு அந்தப் படியில் நடந்தது. தீர்ப்பும் அன்றைக்கே முடிந்துவிட்டது.

28ஆம் திகதி மாறாது. ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்து வைத்துவிட்டேன்.

யுகேஷ்


2025 ஜூன் 12.

யுகேஷுக்கு,

தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். தாங்கி நிரம்பி, ஒழுங்கை வழியாக வெள்ளம் ஓடுகிறது. பக்கத்து வீட்டு பாயிஸா ஆன்ட்டி "என்ன மகள், இன்டைக்கும் தானமா?" என்று கேட்கிறார். ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் தானம் கொடுக்கிற போசன் போயா முந்தாநாளே முடிந்துவிட்டது.

த.


2025 ஜூன் 12, மாலை 6.20.

மோட்டரை நான் காலை 6.05க்குப் போட்டு 6.25க்கு அணைத்தேன். 7.10க்குத் திரும்பப் போட்டது நீ. ஏழாம் இலக்கப் பிரேக்கர். பாயிஸா ஆன்ட்டியிடம் அதையும் சொல்.

யு.


கீழ் மாடி,
2025 ஜூன் 16, திங்கட்கிழமை.

யுகேஷுக்கு,

மோட்டரைப் போட்டது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து தொடங்கினால் மற்றதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அன்றைக்கு எனக்குக் கேட்டது. அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஐயர் இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், இப்போது ஏதும் சொன்னால் பெரிய சத்தமாகிவிடும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு அடுப்பு, பிறகு இலை, பிறகு ஆட்கள். இதெல்லாம் காரணம் இல்லை. நான் வாய் திறக்கவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். பதினான்கு மாதமாக உங்களிடம் சொல்ல வந்து, நீங்கள் கத்தத் தொடங்கியதும் நானும் கத்தி, திரும்பி வந்துவிட்டேன். எழுத்தில்தான் சொல்ல முடிகிறது. சட்டத்தரணிக்கு அதற்காக மட்டும் நன்றி.

நேற்று ஹந்தானைக்குப் போனேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்பீர்கள்.

நீங்கள் எழுதியதை விட மோசம். வெடிப்பு இப்போது கோழிக்கூட்டையும் தாண்டி வந்திருக்கிறது. அத்தை நோட்டீஸின் மேல் சாமிப் படக் கலண்டரை மாட்டியிருக்கிறார். "செவப்பா இருக்குல்ல, பாக்க நல்லா இல்ல" என்கிறார்.

வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று சொல்லாமல் போவதில்லை என்று நினைத்தேன், சொன்னாலும் எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. அத்தை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தேத்தண்ணீர் தந்தார். அன்றைக்கு நான் பேசவில்லை என்று சொன்னேன். அவர் கோழிகளுக்கு ஒரு பிடி அரிசி எறிந்தார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நீங்கள் நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம்.

"நீ பேசலதான். ஒங்கம்மா பேசுனா. அது எனக்குப் புதுசு இல்லம்மா, நான் தோட்டத்துல தொரமாரு பொஞ்சாதிங்க பேச்செல்லாம் கேட்டவ. ஆனா ஒண்ணு இருக்கு, எம் மவன்கிட்ட நான் சொன்னதில்ல. நான் அந்தக் கரண்டுப் பொட்டிக்குக் கீழதான் ஒக்காந்திருந்தேன். மேல பட்டுனு கரண்டு நின்னுபோச்சு. ஒடனே இவென் ஓடியாந்தான். நெத்தியில டோர்ச்சு கட்டியிருந்தான். பொட்டியத் தொறந்தான், என்னமோ பண்ணுனான், வெளிச்சம் வந்துச்சு மேல. அவென் காலு என் சீலயில பட்டுச்சு. டோர்ச்சு வெளிச்சம் பொட்டி மேலயே இருந்துச்சு, கீழ திரும்பல. ஓடிட்டான்."

"கூப்பிட்டிருக்கலாமே அத்தை" என்றேன்.

"வேல செய்யிற நேரத்துல கூப்பிட்டா அவெனுக்குக் கோவம் வரும். சின்னதுலருந்தே அப்பிடித்தான்."

யுகேஷ், நான் பேசவில்லை. அது என்னுடையது. யார் என்ன சொன்னாலும் என்னுடையது. ஆனால் இரண்டு மணித்தியாலம் "எங்கம்மா எங்கே" என்று நீங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. எத்தனை விளக்கு எரிகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரிந்தீர்கள். பதினான்கு மாதம் என்னிடம் கத்தியதில் பாதி எனக்கு. மற்றப் பாதி யாருக்கு என்று நேற்றுத்தான் எனக்கு விளங்கியது.

அறையைப் பற்றியும் கேட்டேன். "எம் மவன் எங்க இருக்கானோ அங்க வருவேன். அந்தப் படியில மட்டும் கால் வைக்க மாட்டேன். கோட்டுல எழுதிக் குடுத்தாலும் மாட்டேன்" என்றார். இருந்தாலும் நீங்கள் கேட்ட தாளைக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். கேட்டதற்குப் பதினான்கு மாதம் முந்தியே தந்திருக்க வேண்டியது.

இன்னொரு தாளும் இருக்கிறது. உங்கள் 2019 கடிதம். கொப்பி இல்லை, நீங்கள் எழுதிய அதே தாள். சனிக்கிழமை அப்பா கடையில் இருக்கும்போது அவர் அலுமாரியிலிருந்து எடுத்தேன். மூலம் இல்லாமல் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு சட்டத்தரணிக்குக் கஷ்டம்தான் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். கிழியுங்கள், எரியுங்கள். நட்டஈட்டைக் கேளுங்கள். நீங்கள் கட்டிய சுவர்தான்.

28ஆம் திகதி நான் கம்பளைக்குப் போகிறேன். பெரியம்மா வீடு. காலை ரயிலில் பாடசாலைக்கு வந்து போகலாம். முதலில் போகிறவர் தோற்றவர் என்று இரண்டு சட்டத்தரணிகளும் சொல்கிறார்கள். தோற்காமல் இருப்பதற்காகவே இரண்டு பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம், யுகேஷ். எனக்குக் களைத்துவிட்டது. நான் தோற்கிறேன்.

தர்ஷனா


2025 ஜூன் 21, சனிக்கிழமை. காலை 5.20. இணைப்புகள் 2.

தர்ஷனாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டுதான் வாசித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

நான்கு நாள் பதில் எழுதவில்லை. கோபம் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை. உன் அம்மா மேல் இறங்கவில்லை. ஐயர் மேல், உன் சித்தப்பா மேல், சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டு வேனில் ஏறிப் போனவர்கள் மேல், யார் மேலும் இறங்கவில்லை. உன் மேல் கொஞ்சம் இறங்கியது. அந்த இடத்தில் வேறொருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கிறான். நெற்றியில் டோர்ச் கட்டியவன்.

இன்று 4.45க்கு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே போய் உட்கார்ந்து பார்த்தேன். நீ எழுதியது சரி, கிணறு மாதிரித்தான். சுவர் முதுகில் குளிர்கிறது. மேலே யாராவது நடந்தால் தலைக்குள் நடப்பது போலக் கேட்டிருக்கும். மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னுகிறது. நிமிடத்துக்கு ஒன்பது. அன்றைக்கு மேலே எல்லா விளக்கும் மின்விசிறியும் ஓடியது, இன்னும் வேகமாக மின்னியிருக்கும். அம்மாவுக்கு இரண்டு மணித்தியாலம் பார்க்க அது ஒன்றுதான் இருந்திருக்கிறது. நான் அரை மணித்தியாலம் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

இரண்டு தாளையும் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுத நினைத்தேன். ஒன்றைத்தான் திருப்புகிறேன். அறைத்தாள் இதோடு இருக்கிறது, நன்றி. அம்மா வரமாட்டார், எனக்கு அது தேவையில்லை. மற்ற இணைப்பு மேல் மாடிச் சாவி.

2019 கடிதத்தை நஸீபிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூலம் என் கையில் வந்துவிட்டது என்றதும் மனுஷன் எழும்பி நின்றுவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! பொஞ்சாதியே தந்தாங்களா? இனி நாம கேக்கலாம் தம்பி, நல்லாவே கேக்கலாம்." நான் மாட்டேன் என்றேன். "அப்ப ஒங்களுக்கு நான் வேணாம். வேற மாதிரி டொக்டர் ஒருத்தரப் பாக்கணும்" என்றார். பிளேன்டீ வாங்கித் தந்தார். எனக்கு அந்தக் கடிதத்தால் கிடைத்த இரண்டாவது பிளேன்டீ.

ஏன் மாட்டேன் என்றால், அதை நான்தான் எழுதினேன். யாரும் கத்தி வைக்கவில்லை. அதை எரித்துவிட்டு வழக்கில் வென்றால், லயத்துப் பொடியன் காணி பார்த்து வந்தான் என்று உன் சித்தப்பா சொன்னது சரியாகிவிடும். அவருக்கு அந்தச் சந்தோஷத்தைத் தரமாட்டேன். நீயும் எனக்குப் பரிதாபப்பட்டு உன் அப்பாவின் அலுமாரியைத் திறந்திருக்கக்கூடாது. அதற்கும் எனக்குக் கோபம். வாளி நிரப்பித் தந்ததற்கு நான் ஒரு நாளும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. இப்போது சொன்னால் கேவலமாக இருக்கும். சொல்லிவிட்டேன்.

ஐந்தாவதன் கீழே யாரும் கோடு போடவில்லை என்று எழுதியிருந்தாய். நான்காவதை எழுதின அதே கையால்தான் அதையும் எழுதினேன். பொய்யில்லை. ஆனால் நீ படியின் மேலே நின்றாய், நான் படியின் கீழே வந்தும் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் இருக்க எனக்குத் தெரியாது. லிஃப்ட் என்றால் எந்தப் பாகம் போனது என்று சொல்வேன். இதில் இரண்டு பாகமும் போய்விட்டது.

கம்பளைக்குப் போகாதே. உன் காணி, உன் வீடு. நீ தோற்க வேண்டியதில்லை. இனி நான் செய்யப்போவது:

1. இன்று பத்து மணிக்கு உன் அப்பாவின் கடைக்குப் போய், 2019 கடிதத்தை அவர் கையிலேயே கொடுப்பேன். ஆட்கள் நிற்கும் நேரத்தில். பிளேன்டீ வாங்கித் தந்தால் குடிக்கமாட்டேன்.

2. திங்கட்கிழமை நஸீபிடம் சொல்லி, வழக்குக்கு எதிர்ப்பில்லை, வீட்டை விட்டு முதலில் போனவன் நான்தான் என்று எழுதச் சொல்வேன். கையெழுத்தும் வைப்பேன். நம்பர் போடமாட்டேன்.

3. அம்பிட்டியவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ரோட்டு மட்டத்தில், ஏறப் படியே இல்லை. நாளை அம்மாவையும் கோழிகளையும் அங்கே கொண்டுபோவேன்.

4. அம்மாவிடம் "அன்னைக்கு" என்று தொடங்குவேன். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

5. உன் அம்மாவை மன்னிக்கமாட்டேன். கேட்டாலும் மாட்டேன். அவர் கேட்கப்போவதும் இல்லை.

6. 69இல் ஒன்றையும் தொடமாட்டேன். ஒவ்வொரு பிரேக்கருக்கும் பெயர் எழுதி ஒட்டுவேன். ஏழாவதில் "மோட்டர். 20 நிமிடத்தில் அணை" என்று இருக்கும்.

7. போவதற்கு முன் மாடிப்படியின் அடியில், மீட்டர் பெட்டிக்கு மேல், ஒரு விளக்குப் போடுவேன். சுவிட்சை நிற்கிறவர்களின் உயரத்தில் வைக்கமாட்டேன். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷிக்குக் கை எட்டும் உயரத்தில் வைப்பேன். அந்தப் பொயின்ட்டை 69இல் சேர்க்காதே.

யுகேஷ்